கரண்ட் வந்த பிறகு கணித்த ஜாதகம்

“போர்டு போயிருச்சுங்க” என்று சொல்வதற்கென்றே அமராவதி ஒரு குரல் வைத்திருந்தாள். சாவு சேதி கொண்டுபோகிறவர் வாசலில் நின்று தொண்டையைச் செருமிவிட்டுப் பேசுவாரே, அந்தக் குரல். கீரனூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, செருப்புக் கடைக்கு மேல்மாடியில் ஒற்றை அறை. அதில் உட்கார்ந்து பத்துப் பன்னிரண்டு வருடமாக லேப்டாப் பழுது பார்க்கிறாள். மதர்போர்டு போய்விட்டால் அந்தப் பெட்டியை மறந்துவிடுவதுதான் நல்லது என்று சொன்னால், யார் காதில் ஏறுகிறது?

“போன வாரம் வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு” என்பார்கள். செத்தவன் எவனும் சாகிறவரைக்கும் உயிரோடுதான் இருந்தான். அதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். தோட்டத்து மோட்டார் ஓடுகிற லைனிலேயே சார்ஜரைச் செருகுவார்கள். மோட்டார் ஒரு உதறு உதறியதும் போர்டு கருகிப்போகும். டீயைக் கொட்டிவிட்டு, யாரோ சொன்னார்கள் என்று அரிசி மூட்டைக்குள் புதைத்து வைப்பார்கள். ஈரம் காய்ந்ததோ இல்லையோ, விசிறிக்குள் நாலு அரிசி போய் உட்கார்ந்திருக்கும். ஆயுத பூசை வந்தால் கேட்கவே வேண்டாம். சந்தனத்தைக் கரைத்து மூடியில், கீபோர்டில், காற்றுப் போகிற ஓட்டையில் எல்லாம் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டிக் கும்பிட்டு, மறுவாரம் அதைத் தூக்கிக்கொண்டு இவளிடம் வருவார்கள். சிவனே என்று கிடந்த பெட்டியைக் கும்பிட்டே கொல்கிற ஊர் இது.

இத்தனையையும் கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துவிட்டது. குனிந்தே வேலை பார்த்ததில் பிடரியில் ஒரு வலி வாடகை கொடுக்காமல் குடியிருந்தது. ஆனாலும் ஒரு விஷயத்தில் மட்டும் வீம்பு. இந்தத் தொழிலில் எல்லாரும் சொல்கிற பொய் ஒன்று உண்டு: “சாமான் திருச்சியிலேர்ந்து வரணும்.” பெட்டியை இன்னும் திறக்கவே இல்லை என்பதற்கு மரியாதையான பெயர் அது. அமராவதி அதைச் சொன்னதே கிடையாது. முடியும் என்றால் முடியும், முடியாது என்றால் முடியாது. அதனாலேயே அவள் சொல்லை ஊர் நம்பியது.

கல்யாணக் கதைதான் நம்புகிற மாதிரி இல்லை. அப்பா கண்ணுசாமி பக்கவாதம் வந்து படுத்தபோது அவளுக்கு இருபது வயது. டிப்ளமோ முடித்த கையோடு திருச்சியில் ஒரு சர்வீஸ் சென்டரில் சேர்ந்து, விடிந்ததும் பஸ் ஏறி, இருட்டியதும் பஸ் இறங்கி, அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. பிறகு சொந்தக் கடை. ஒரு நாள் அப்பா கண்ணை மூடினார். இனிமேலாவது மகளுக்கு ஒரு வழி செய்வோம் என்று அம்மா மூக்காயி கிளம்பியபோது, சனி திசை வந்து குந்திக்கொண்டது.

மூக்காயிக்குக் கையெழுத்துகூடப் போடத் தெரியாது. ஆனால் நாள், நட்சத்திரம் என்று வந்துவிட்டால் அவளை அசைக்க முடியாது. புதுக்கோட்டையில் கூட்டுறவு சொசைட்டியில் வேலை பார்த்த ஒருவர் வந்தார். “நேரம் சரியில்ல, கொஞ்சம் பொறுங்க” என்றாள். அவர் பொறுக்கவில்லை. துபாயிலிருந்து லீவுக்கு வந்த ஒருவர் கேட்டார். அவருக்கும் அதே பதில். லீவு முடிவதற்குள் அவர் வேறு இடத்தில் தாலி கட்டிவிட்டுப் போய்விட்டார். ஜாதகம் பார்க்கிறவர் ஒவ்வொருவரும் சனி என்பார், மூக்காயி கதவைச் சாத்துவாள், அமராவதிக்கு ஒரு வயது கூடும். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, கேட்டு வருகிற இடங்களும் குறைந்துகொண்டே வந்தன. முப்பத்தைந்து ஆயிற்று.

ஆவணியில்தான் மணமேல்குடிப் பக்கமிருந்து ஆனந்தராஜ் வந்தார். கடற்கரையோரம் ஐஸ் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவர். நாற்பதை நெருங்கியவர், தலையில் முன்பக்கம் கொஞ்சம் காலி. பெண் பார்க்க வந்த இடத்தில், மற்றவர்கள் சமைக்கத் தெரியுமா, கடையை மூடிவிடுவாளா என்று கேட்டுக்கொண்டிருக்க, அவர் மட்டும், “இப்புடிக் குனிஞ்சே வேல பாத்தா கழுத்து வலிக்குமேங்க?” என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். அன்று ராத்திரி அமராவதிக்குத் தூக்கம் வரவில்லை. இந்த மனிதரைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்துவிட்டது. இத்தனை வயதுக்கு மேல் ஆசை வந்தால் அது சும்மா வராது, பயத்தையும் கூட்டிக்கொண்டுதான் வரும்.

மாப்பிள்ளை வீட்டில் நட்சத்திரப் பொருத்தம் மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்றார்கள். மூக்காயி அப்படி விடுகிறவளா? மகளையும் இழுத்துக்கொண்டு ஆத்மநாதன் கடைக்குப் போனாள். ஜெராக்ஸ் கடைதான், கூடவே கம்ப்யூட்டர் ஜாதகம். ஆத்மநாதனுக்கு ஜோசியம் தெரியாது, அதை அவரே சொல்லிவிடுவார். பிறந்த நாள், நேரம், ஊர் மூன்றையும் தட்டுவார், பெட்டி சொல்வதை வாசிப்பார். அன்று மாதாந்திர மின்தடை. பெஞ்சில் ஏழெட்டுப் பேர் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சாயங்காலம் கரண்ட் வந்ததும் ஆளாளுக்கு எழுந்து மொய்த்தார்கள். அவர் அவசர அவசரமாகப் பெட்டியைத் திறந்து, அமராவதியின் விவரத்தைத் தட்டி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார்.

“நடப்பு குரு திசை, சுக்கிர புத்தி. கல்யாணத்துக்கு இதவிட நல்ல நேரம் கெடையாதுன்னு போட்டிருக்கு ஆத்தா.”

மூக்காயி மகளை ஒரு தரம் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக் கும்பிட்டாள். “கம்ப்யூட்டரே சொல்லிருச்சு. வா போவோம்” என்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். தை மாதம் கல்யாணம், அதற்கு முன்னால் ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பரிசம் என்று பேசி முடித்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் இருக்கும்போது ஆத்மநாதன் மாடிப்படி ஏறி வந்தார். மழைக்காக லேப்டாப்பை உரச் சாக்கில் சுற்றி மார்போடு அணைத்திருந்தார்.

“அமராவதி, இத ஒரு பார்வை பாரும்மா. நேத்துலேர்ந்து பட்டன அமுக்குனா லைட்டு மட்டும் எரியுது, தெரையில ஒண்ணும் வரல.”

“முன்னாடி ஏதாச்சும் தொந்தரவு குடுத்துச்சாண்ணே?”

“ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கரண்ட் போனா தேதிய மறந்துரும். இதோட பெரிய பேட்டரிதான் எப்பவோ செத்துப்போச்சே, ஒயரு சொருகுனாத்தான் ஓடும். கரண்ட் வந்ததும் காலண்டரப் பாத்து நாந்தான் தேதிய வச்சு விடுவேன். ரொம்ப நாளா அப்புடித்தான் ஓடுது.”

“அப்பவே கொண்டாந்திருக்கலாம்லண்ணே? கடிகாரம் ஓடுறதுக்குன்னு உள்ள தனியா ஒரு சின்ன பேட்டரி இருக்கு, பொத்தான் மாதிரி. பெட்டிய அணைச்சு வச்சிருந்தாலும் அதுதான் தேதிய ஞாபகம் வச்சுக்கும். அது தீந்திருக்கும்.”

“கையால வைக்க முடியுதே, எதுக்கு அதத் தொறந்துக்கிட்டுன்னு இருந்துட்டேன். இங்கிட்டு வரவும் நேரமில்ல. சாயங்காலம் வாரேன்மா.”

அமராவதி அடிப்பக்கத்து மூடியைக் கழற்றினாள். மஞ்சள் பிளாஸ்டிக் சுற்றிய பொத்தான் பேட்டரி ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. மீட்டரை வைத்தாள். மூன்று வோல்ட் காட்ட வேண்டியது ஒன்றைக்கூடத் தொடவில்லை. புதுசு போட்டாள். திரை அப்படியே இருட்டு. ராம் என்கிற மெமரித் தகட்டைப் பிடுங்கி, அதன் காலை ரப்பரால் தேய்த்து, மறுபடி செருகினாள். அதற்கும் அசையவில்லை. அப்படியானால் போர்டுதான். பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு இடமாகப் பார்த்துக்கொண்டே வந்தபோது, அந்தச் சின்னப் பேட்டரியின் ஒயர் வந்து சேர்கிற இடத்தில் மஞ்சளாய் ஒரு பொருக்கு. சந்தனம்! ஆண்டாண்டு காலமாக வைத்த பொட்டெல்லாம் ஓட்டை வழியே இறங்கி, அங்கே காய்ந்து கிடந்தது. மழைக்காலத்து ஈரம் பட்டதும் அந்தப் பொருக்கு வழியாகவே கரண்ட் கசிந்திருக்கிறது. எத்தனை புதுப் பேட்டரி போட்டாலும் இது குடித்துத் தீர்த்துவிடும்.

ஸ்பிரிட்டைத் தொட்டுத் தொட்டுச் சின்ன பிரஷ்ஷால் தேய்த்தாள். சூடான காற்றுக் காட்டி உலர்த்தினாள். கழுத்து விண்விண்ணென்று தெறித்தது. எல்லாவற்றையும் பூட்டிப் பட்டனை அமுக்கியபோது விசிறி சுற்றியது, திரை வெளுத்தது. பேட்டரியைக் கழற்றி மாட்டியதில் தேதி பெட்டி பிறந்த காலத்துக்கே போயிருந்தது: இரண்டாயிரத்துப் பன்னிரண்டு, ஜனவரி ஒன்று. அது கிடக்கட்டும், முதலில் எல்லாம் திறக்கிறதா பார்ப்போம் என்று ஜாதக புரோகிராமை அழுத்தினாள். ஏற்கனவே போட்ட பெயர்களில் அவள் பெயரும் இருந்தது. அதையே தட்டினாள்.

நடப்பு குரு திசை, சுக்கிர புத்தி.

தன்னையறியாமல் சிரித்தாள். அப்புறம்தான் திரையின் கீழ் மூலை கண்ணில் பட்டது. அங்கே இன்னும் இரண்டாயிரத்துப் பன்னிரண்டு.

சிரிப்பு நின்றுவிட்டது. தேதியை இன்றைக்கு மாற்றிவிட்டு மறுபடி தட்டினாள். நடப்பு சனி திசை, கேது புத்தி. ஒரு தடவை நடந்ததை நம்புகிற புத்தி மெக்கானிக்குக்குக் கிடையாது. பழைய தேதிக்குப் போனாள், குரு. இன்றைக்கு வந்தாள், சனி. பெட்டியில் இருக்கிற தேதியைத்தான் புரோகிராம் இன்றைய தேதி என்று எடுத்துக்கொள்கிறது. மின்தடை நாள் ஞாபகம் வந்தது. அந்த நெரிசலில் மனுஷன் காலண்டரைப் பார்க்கவே இல்லை. தேதியை வைக்க மறந்துவிட்டார்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் அவளுக்கு இருபத்திரண்டு வயது. அப்பாவுக்குப் படுக்கைப் புண் வந்த வருடம். திருச்சி பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கிய வருடம். கல்யாண நேரம் என்று அன்று ஆத்மநாதன் வாசித்தது அந்தப் பெண்ணுக்கு. அவளை அப்போது யாரும் பெண் பார்க்க வரவில்லை; வந்திருந்தாலும் அவள் வீட்டில் இருந்திருக்க மாட்டாள். அமராவதிக்கு ஜோசியத்தில் நம்பிக்கை கிடையாது. சனியாவது கேதுவாவது! ஆனாலும் அந்த இருபத்திரண்டு வயதுக்காரியை நினைத்து வயிறு எரிந்தது.

நம்பிக்கை இல்லாததால் என்ன பிரயோசனம்? நம்புகிறவள் வீட்டில் இருக்கிறாள். சனி திசையில் கேது புத்தி என்று காதில் விழுந்தால் மூக்காயி பரிசத்தை நிறுத்திவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். மாப்பிள்ளை வீடு இன்னொரு வருடம் காத்திருக்காது. ஆனந்தராஜும் அந்தச் சொசைட்டிக்காரர், துபாய்க்காரர் போன வழியே போய்விடுவார்.

சாயங்காலம் ஆத்மநாதன் படியேறுகிற சத்தம் கேட்டதும், ஓடிக்கொண்டிருந்த பெட்டியை மூடி அதன்மேல் துணியைப் போட்டாள்.

“ஆச்சாம்மா?”

“சாமான் திருச்சியிலேர்ந்து வரணும்ணே. திங்கக்கெழமை ஆயிரும்.”

வாழ்க்கையில் முதல்தடவையாகச் சொன்னாள். திக்கவே இல்லை.

“நீ சொன்னாச் சரிதாம்மா” என்று அவர் உடனே திரும்பினார். வாசலில் நின்று, “ஞாயித்துக்கெழம பரிசமாமே? நம்ம கடையில பாத்த நேரம் கூடி வந்துருச்சு பாத்தியா? எனக்கே பெருமையா இருக்கு” என்றார். அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது.

அவர் போனதும் ஆனந்தராஜுக்கு போன் போட்டாள். அந்தப் பக்கம் மெஷின் இரைச்சல். வெளியே வந்து பேசுகிறேன் என்று அவர் நடந்து வருவது கேட்டது. அமராவதி ஒளிக்காமல் சொன்னாள். பேட்டரி, சந்தனம், மின்தடை, திருச்சியிலிருந்து வராத சாமான், எல்லாவற்றையும்.

அவர் முதலில் சிரித்துவிட்டார். பிறகு, “மன்னிச்சுக்கங்க, சிரிக்கிற விஷயமில்ல” என்றார்.

“நான் சொல்லாம இருந்தா யாருக்கும் தெரியாதுங்க.”

“தெரியாதுதான். ஆனா ஒங்க அம்மாவுக்குப் பின்னாடி தெரிஞ்சா? நாளைக்கு நமக்குப் பொறக்குற புள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தாக்கூட, இதாலதான்னு அவங்களா நெனச்சு நெனச்சு உருகிப்போவாங்க. சொல்லிருங்க.”

“சொன்னா நிப்பாட்டிருவாங்க. ஒங்க வீட்டுல காத்திருப்பாங்களா?”

“மாட்டாங்க.” அதை அவர் உடனே ஒத்துக்கொண்டார். “நான் இருப்பேன்னு சொல்ல ஆசதாங்க. ஆனா எங்க அண்ணனும் அண்ணியும் இப்பவே வயசாயிருச்சுன்னு தாங்க மாட்டேங்குறாங்க. பொய்யா ஒரு வாக்குக் குடுக்க எனக்கு வரல.”

பொய்யாக ஒரு வாக்குக் கொடுத்திருந்தால்தான் என்ன என்று அவளுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே, இவரைவிட்டால் இன்னொருவர் இல்லை என்பதும் தெரிந்துபோயிற்று. கடையைப் பூட்டிவிட்டு, மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்கு நடந்தாள்.

மூக்காயி பரிசத்துக்கு வேண்டிய பித்தளைத் தாம்பாளங்களைப் புளி போட்டு விளக்கிக்கொண்டிருந்தாள். உட்கார்ந்தால் வார்த்தை வராது என்று அமராவதி நின்றவாக்கிலேயே சொன்னாள்.

“அம்மா, ஆத்மநாதன் அண்ணன் கடைப் பெட்டி எங்கிட்டதான் வந்திருக்கு. அதுல தேதி தப்பு. நாம போன அன்னிக்கும் தப்பாத்தான் இருந்திருக்கு. எனக்கு இப்ப குரு திசை இல்ல. சனி திசைதான். கேது புத்தி. நாளைக்கு அவருகிட்ட உள்ளதச் சொல்லிப் பெட்டியக் குடுக்கப்போறேன். அன்னிக்கு வந்த மத்தவங்களுக்கும் தப்பாச் சொல்லியிருப்பாரு.”

மூக்காயியின் கை நிற்கவில்லை. விளிம்பைச் சுற்றி அழுத்தித் தேய்த்தாள்.

“காதுல விழுந்துச்சாம்மா? சனி திசைங்குறேன்.”

“எனக்குத் தெரியும்டி.”

“எப்புடி?” என்றாள் அமராவதி.

“சனி திசை பத்தொம்பது வருசம். ஒங்கப்பா போன மறு வருசம் பிடிச்சது. அது அதுக்குள்ள எறங்கிப் போயிருமா? இதுகூடத் தெரியாதவளா நானு? குரு முடிஞ்சுதான் சனியே வந்துச்சு, மறுபடி எங்கிட்டுருந்து குரு வரும்? அந்தாளு வாசிச்சப்பவே தப்புன்னு தெரிஞ்சுபோச்சு. வாயத் தொறந்தா இந்தத் தம்பியும் போயிரும். கம்ப்யூட்டரே சொல்லிருச்சுன்னு கும்புட்டுட்டு ஒன்னையக் கூட்டிக்கிட்டு வந்துட்டேன்.” தாம்பாளத்தைத் தண்ணீரில் அலசி வைத்துவிட்டு, அடுத்ததை எடுத்துப் புளியை அப்பித் தேய்த்தாள். “அந்த மனுசன்கிட்ட உள்ளதச் சொல்லு. மத்தவுகளுக்குத் திருத்திக் குடுக்கட்டும். நம்ம வீட்டுக்குத் திருத்த வர வேணாம்னு சொல்லிரு.”

பரிசம் நிற்காது. ஞாயிற்றுக்கிழமை அவர் வருவார். அமராவதி அம்மாவுக்கு எதிரே, ஈரத் தரை என்றும் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு கேட்டாள்.

“ஏம்மா, அந்தப் புதுக்கோட்டைக்காரரு வந்தப்ப இப்புடி வாய மூடியிருக்கலாம்ல? அந்தத் துபாய்க்காரரு வந்தப்ப? இத்தன வருசம் என்னைய ஒக்கார வச்சியே, அப்பவே இதச் செஞ்சிருக்கலாம்லம்மா?”

மூக்காயி தேய்ப்பதை நிறுத்தினாள். புளி ஒட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் முழங்காலில் வைத்துக்கொண்டாள். மகளின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

“அப்ப பயமா இருந்துச்சுடி” என்றாள். “இப்ப அலுப்பா இருக்கு.”

கத்த வேண்டும், தாம்பாளத்தைத் தூக்கித் தெருவில் எறிய வேண்டும் என்று அமராவதிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதற்கும் தெம்பு வேண்டுமே. அவள் அழுதாள். கிழவியும் அழுதாள். சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டால் பரிசத்துக்கு முன்னால் என்ன அபசகுனம் என்று கேட்பார்களே என்று இரண்டு பேருமே வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள்.